வாட்ச் கண்ணாடியில் கீறல்: அறிகுறிக்கேற்ற வைத்தியம்

என்னிடம் அக்ரிலிக் கண்ணாடி போட்ட ஒரு பழைய சாவி வாட்ச் இருக்கிறது. அதில் பெரிய முள் 4-ஐக் கடக்கும்போது லேசாக வளையும், கடந்ததும் நிமிர்ந்துகொள்ளும். முள்ளில் ஒரு கோளாறும் இல்லை. அந்த இடத்தில் கண்ணாடியில் விழுந்திருந்த ஒரே ஒரு கீறலை, 800 நம்பர் வாட்டர் பேப்பரை (தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) விரல்நுனியில் வைத்து நான் தேய்த்த தேய்ப்புதான் காரணம். கீறல் போயே போச்சு. அதற்குப் பதிலாக ஒரு குழி வந்து உட்கார்ந்துகொண்டது.

அன்று எனக்குப் புரியாமல் போனது இதுதான். கீறல் ஒரு வாய்க்கால் மாதிரி. அதை எந்தப் பசையும் நிரப்புவதில்லை. சுற்றியிருக்கும் வயல் முழுவதையும் வாய்க்காலின் அடிமட்டத்துக்கு இறக்கினால்தான் வாய்க்கால் காணாமல் போகும். ஆகவே கீறலைத் தேய்த்தெடுக்கப் பற்பசையைத் தேடுவதற்கு முன்னால் ஒரு நல்ல விளக்கைத் தேடுங்கள். கீறல் எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில், அது அக்ரிலிக்தானா?

கண்ணாடி என்று பழக்கத்தில் சொல்கிறோமே தவிர, அக்ரிலிக் ஒரு பிளாஸ்டிக். 1930-களில் பிளெக்சிகிளாஸ், பெர்ஸ்பெக்ஸ் என்ற பெயர்களில் சந்தைக்கு வந்த அதே பொருள்தான். ஒமேகா நிறுவனம் இதை ஹெசலைட் என்று அழைக்கிறது. நாசா 1965-ல் தேர்வுசெய்து, 1969-ல் நிலவு வரை போய் வந்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் வாட்சில் இருந்தது இதுதான். அடிபட்டால் விரிசல் விடுமே ஒழிய, சில்லு சில்லாகச் சிதறாது. அந்த நல்ல குணத்துக்கு நாம் கொடுக்கும் விலைதான் கீறல். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் இது சுமார் 3, சஃபையர் என்கிற செயற்கை நீலக்கல் கண்ணாடிக்கு 9.

கண்டுபிடிக்க எளிய வழி, உதட்டில் வைத்துப் பார்ப்பது. நிஜக் கண்ணாடியும் சஃபையரும் சில்லென்று இருக்கும்; அக்ரிலிக் அப்படிச் சில்லிடாது. நகத்தால் தட்டினால் 'டிங்' என்று கேட்காது, 'டொக்' என்று மந்தமாகக் கேட்கும். பழைய வாட்சுகளில் நடுவில் புடைத்து, ஓரத்தில் வளைந்து இறங்கும் கண்ணாடி பெரும்பாலும் அக்ரிலிக்தான்.

இதில் சந்தேகம் தீராமல் மேலே போக வேண்டாம். சாதாரணக் கண்ணாடியில் பற்பசையை வைத்து மணிக்கணக்கில் தேய்த்தாலும் ஒன்றும் நடக்காது, கைதான் வலிக்கும். பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு உள்ள சஃபையரில் பாலிஷ் போட்டாலோ, பூச்சு திட்டுத் திட்டாக உரிந்து, கீறலைவிடப் பெரிய அசிங்கமாகிவிடும். வாட்ச் கண்ணாடிக்கென்றே விற்கும் பாலிவாட்ச் என்ற பாலிஷிலேயே பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் கண்ணாடிக்கு ஒன்றுமாக இரண்டு வகை இருக்கின்றன. டியூபை வாங்கும்போது பெட்டியைத் திருப்பிப் படியுங்கள்.

தேய்ப்பதற்கு முன் கொஞ்சம் ஏற்பாடு

சாவி கொடுக்கும் குமிழை உள்ளே அழுத்தி வையுங்கள். ஸ்டிராப்பைக் கழற்றிவிட்டால் வசதி. கேஸின் உலோக விளிம்பு முழுவதையும் மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். முக்கியமாக, கண்ணாடியும் உலோகமும் சேரும் இடுக்கை விடக்கூடாது. பசை போய் உட்காரும் இடம் அதுதான், வாட்டர் பேப்பர் வழுக்கி உலோகத்தைச் சிராய்க்கும் இடமும் அதுதான். பிறகு ஈரத்துணியால் கண்ணாடியை நன்றாகத் துடையுங்கள். ஒரு மணல் துகள் இருந்தாலும் அதுவே புதுக் கீறல் போடும்.

அப்புறம் எண்ணெய்ச் சோதனை. எனக்கு மிகவும் பிடித்தது இது. கீறலின் மேல் சமையல் எண்ணெய் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். எண்ணெயின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.47, அக்ரிலிக்குக்கு 1.49. இரண்டும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால், எண்ணெய் நிறைந்த பள்ளத்தைக் கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாது. சொட்டு பரவப் பரவக் கோடு ஒரு முனையிலிருந்து மறு முனை வரை கரைந்து போவது, யாரோ ரப்பர் வைத்து அழிப்பது போல இருக்கும். அப்படி மறைந்தால் கீறல் மேற்பரப்பில் இருக்கிறது, தேய்த்தால் போகும். எண்ணெய்க்கு அடியிலும் கோடு அப்படியே மின்னிக்கொண்டிருந்தால், அது உள்பக்கக் கீறல் அல்லது விரிசல். மேலே எத்தனை நாள் தேய்த்தாலும் அதற்கு நீங்கள் போய்ச் சேர மாட்டீர்கள். தண்ணீரில் இந்தச் சோதனை சரியாக வராது. அதன் எண் 1.33, கோடு மங்குமே தவிர மறையாது. பார்த்து முடித்ததும் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள்.

வெயிலில் மட்டும் தெரியும் மெல்லிய கோடுகள்

வீட்டுக்குள் பளிச்சென்று இருக்கும். வெளியே போய் மணி பார்த்தால் சிலந்தி நூல் மாதிரி வட்ட வட்டமாகத் தெரியும். நகத்தைக் குறுக்கே ஓட்டினால் எங்கும் தட்டாது. இதற்குப் பாலிஷ் மட்டும் போதும். வாட்டர் பேப்பரை எடுக்கவே வேண்டாம்.

கடுகளவு பாலிஷை நடுவில் வைத்து, பருத்தித் துணியை விரலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு, இரண்டு மூன்று நிமிடம் தேயுங்கள். கண்ணாடி முழுவதும் தேய்க்க வேண்டும், கோடு இருக்கும் இடத்தில் மட்டும் கூடாது. விரல் கொஞ்சம் இழுபடுகிற மாதிரி அழுத்தம் இருந்தால்தான் வேலை நடக்கும். பசை காய்வதற்குள் துடைத்து, விளக்கில் சாய்த்துப் பாருங்கள். இரண்டு மூன்று சுற்றில் பெரும்பாலும் போய்விடும்.

பற்பசை வேலைக்கு ஆகுமா என்று கேட்டால், ஆகும். பல்லைத் தேய்ப்பதற்காக அதில் சிலிக்காவோ கால்சியம் கார்பனேட்டோ நுண்பொடியாக இருக்கிறது. அக்ரிலிக்கை இழைக்க அது போதும். ஜெல்லை விட்டுவிட்டு, சாதாரண வெள்ளைப் பசையாகப் பாருங்கள். பல்லை வெளுப்பாக்கும், கரி கலந்தது என்கிற வகைகளில் பொடி எவ்வளவு கரடு என்று வெளியே தெரியாது. நான் அவற்றைத் தொடுவதில்லை. பற்பசை முடித்த இடத்துக்கு மேல் நல்ல பாலிஷ் ஒரு சுற்று போட்டால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். பித்தளைக்குப் போடும் பிராசோவும் வேலை செய்யும். நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், முடித்தவுடன் துடைத்தெடுக்கவும் வேண்டும்.

நகம் தட்டுகிறது

கோட்டின் குறுக்கே நகத்தை ஓட்டும்போது 'டக்' என்று நின்றால், பாலிஷை மட்டும் நம்பிப் பயனில்லை. பள்ளத்தின் விளிம்புகளை அது மழுங்கடிக்கும். கோடு அகலமாகி, மங்கலாகி, அங்கேயே இருக்கும். வயலை இறக்க வேண்டிய கட்டம் இது.

எந்த நம்பரில் தொடங்குவது? வேலை நடக்கக்கூடியதிலேயே மிக நைசான பேப்பரில். முதலில் 2000-ஐ வைத்துப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் கீறல் இளைத்த மாதிரி தெரியாவிட்டால் 1500, அதிலும் நகராவிட்டால் 1000. இந்த நம்பர் கணக்கு, நம்பருக்கு முன்னால் 'P' என்று போட்டிருக்கும் பி வரிசைப் பேப்பருக்கு. பி800-ல் துகளின் அளவு சுமார் 22 மைக்ரான், பி1500-ல் ஏறக்குறைய 13, பி2000-ல் 10. கரடான பேப்பர் போடும் கோடுகளை எல்லாம் பிறகு நீங்கள்தான் எடுக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். மைக்ரோமெஷ் என்ற துணி முதுகு வைத்த தேய்ப்புப் பட்டை வைத்திருப்பவர்கள் ஏமாந்துவிட வேண்டாம். அதன் நம்பர் வரிசையே வேறு. அதில் 1500 என்பது சாதாரண வாட்டர் பேப்பரின் 1500-ஐவிட மிகக் கரடு.

பேப்பரைத் தண்ணீரில் ஊறவைத்து, உதறிவிட்டுப் பயன்படுத்துங்கள். வாட்சைக் குழாயடியில் பிடிக்காதீர்கள். பழைய வாட்ச் எதையும் தண்ணீர் புகாதது என்று நம்புவதற்கில்லை. ஈரம் இருந்தால் போதும், தண்ணீர் ஓட வேண்டியதில்லை.

கண்ணாடி தட்டையாக இருந்தால் பேப்பரை ஒரு பென்சில் ரப்பரில் சுற்றிக்கொள்ளுங்கள். புடைத்த கண்ணாடி என்றால் பேப்பருக்குப் பின்னால் மெத்தென்ற ஸ்பாஞ்சுத் துண்டு வேண்டும். வளைவோடு சேர்ந்து அதுவும் வளையும். விரல்நுனி மட்டும் வேண்டவே வேண்டாம். அது எங்கே கொண்டுபோய் விடும் என்றுதான் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேனே.

முதல் பேப்பரை மேலும் கீழுமாக நேர்க்கோட்டில் ஓட்டுங்கள். ஒரு நிமிடத்தில் கண்ணாடி முழுக்கப் பால் பூத்த மாதிரி வெளுத்துவிடும், டயலே தெரியாது. வயிற்றைக் கலக்கும். பயப்படாதீர்கள், அப்படித்தான் ஆக வேண்டும். துடைத்துப் பார்த்தால், வெளுத்த பரப்பின் நடுவே பழைய கீறல் மட்டும் தனி நிறத்தில் தெரியும். அது முற்றிலும் மறையும் வரை இதே பேப்பர்தான். 'மீதியை அடுத்த பேப்பர் பார்த்துக்கொள்ளும்' என்று அவசரப்பட்டால் அடுத்தது பார்த்துக்கொள்ளாது.

மறைந்த பிறகு அடுத்த நைசுக்குப் போங்கள். இந்த முறை இடவலமாக. திசையை மாற்றுவதில்தான் சூட்சுமம். இடவலக் கோடுகளுக்கு நடுவே மேல்கீழ்க் கோடு ஒன்று மிச்சமிருந்தாலும் உடனே காட்டிக்கொடுத்துவிடும். அது போன பிறகு 3000, மறுபடி மேல்கீழாக. ஒவ்வொரு பேப்பருக்கும் இடையில் கண்ணாடியையும் கையையும் துடைத்து, தண்ணீரையும் மாற்றுங்கள். 3000 முடிந்ததும் பாலிஷ். பாலிஷ் பட்ட இடத்தில் அந்த வெளுப்பு விலகி, டயல் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வரும். இந்த வேலையில் எனக்குச் சலிக்காத நிமிடம் அதுதான்.

பாலிஷ் போட்டும் மூட்டமாகவே இருக்கிறது

கண்ணாடி முழுவதும் ஒரே சீராக மங்கியிருந்தால், இடையில் ஒரு பேப்பரைத் தாண்டிக் குதித்திருப்பீர்கள். 1000-லிருந்து நேராகப் பாலிஷுக்கு வந்தால் இப்படித்தான் ஆகும். 18 மைக்ரான் துகள் போட்ட கோட்டைப் பாலிஷ் எப்போது தேய்த்துத் தீர்ப்பது? 2000-க்குத் திரும்பிப் போய் வரிசையாக வாருங்கள். திட்டுத் திட்டாக மங்கியிருந்தால் பசை காய்ந்து ஒட்டியிருக்கலாம். ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.

மற்றதெல்லாம் பளிச்சென்று இருந்து, புதிதாக ஒரே ஒரு ஆழமான கோடு மட்டும் தெரிகிறதா? முந்தைய பேப்பரின் துகள் ஒன்று துணியிலோ தண்ணீரிலோ தங்கி, கூடவே வந்திருக்கிறது. துணியை மாற்றிவிட்டு, கோட்டின் ஆழத்துக்கேற்ற பேப்பரிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான்.

கீறல் போய்விட்டது, ஆனால் முள் வளைந்து தெரிகிறது

என் கதை. ஒரே இடத்தில் தேய்த்ததால் குழி விழுந்து, அந்த இடம் ஒரு சின்ன லென்ஸாகிவிட்டது. சந்தேகம் இருந்தால், டியூப் லைட்டின் பிம்பம் கண்ணாடியில் விழும்படி பிடித்து, வாட்சை மெல்லச் சாயுங்கள். அந்த வெள்ளைக் கோடு வழுக்கிக்கொண்டு சீராக நகர்ந்தால் பரப்பு நன்றாக இருக்கிறது. ஓரிடத்தில் நெளிந்தால் குழி அங்கேதான்.

வைத்தியம் அதே வயல் கணக்குதான். 1500-ஐ ரப்பரிலோ ஸ்பாஞ்சிலோ சுற்றி, குழியைத் தொடாமல் விட்டுவிட்டு, அதைச் சுற்றியுள்ள பரப்பை இறக்கிக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு நிமிடமும் துடைத்து, டியூப் லைட்டில் பாருங்கள். நெளிவு குறைந்ததும் முழுப் பரப்பையும் சேர்த்து இழைத்து முடிக்கலாம். நான் இரண்டு மாலைகள் செலவழித்தேன். நெளிவில் முக்கால்வாசி போனது. மிச்சத்தைத் துரத்தினால் கண்ணாடி மெலிந்துவிடும் என்று விட்டுவிட்டேன். அதனால்தான் என் முள் இன்னும் 4-ல் லேசாக வளைகிறது.

தேதி மேல் பூதக்கண்ணாடிப் புடைப்பு உள்ள வாட்ச் என்றால், அந்தப் புடைப்பின் மேல் வாட்டர் பேப்பர் வைக்கவே வேண்டாம். அதன் வளைவு மாறினால் தேதி கலங்கித் தெரியும். பாலிஷோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தேய்த்த இடம் உருகின மாதிரி இருக்கிறது

கை வலிக்கிறதென்று சின்ன மோட்டாரில் பஞ்சுச் சக்கரத்தை மாட்டியிருப்பீர்கள். அக்ரிலிக் 105 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளக ஆரம்பித்துவிடும். சக்கரம் ஒரே இடத்தில் கொஞ்சம் நின்றாலே அந்தச் சூடு வந்துவிடும். இளகிய மேல்தோல் இழுபட்டு அலை அலையாக உறைந்திருக்கும். நன்றாக ஆறவிட்டு 1000-லிருந்து கையாலேயே தொடங்குங்கள். உள்ளே குமிழிகள் தெரிந்தால் கண்ணாடியை மாற்ற வேண்டியதுதான்.

சிலந்தி வலை மாதிரி உள்ளுக்குள் வெடிப்புகள்

விளக்கைச் சாய்த்தால் வெள்ளி இழைகள் மாதிரி பளபளக்கும். நகத்தில் தட்டாது, எண்ணெயிலும் சரியாக மறையாது. இவை கீறல்கள் அல்ல, பொருளுக்குள் விட்ட நுண்விரிசல்கள். வயதானாலும் வரும்; ஆனால் நாமே வரவழைப்பதும் உண்டு. அசிட்டோன் கலந்த நகப்பூச்சு நீக்கி, தின்னர், ஸ்பிரிட் எதுவும் அக்ரிலிக்குக்கு ஆகாது. கைக்குப் போடும் சானிடைசரில் இருக்கும் ஆல்கஹாலும் அப்படித்தான். டேப் ஒட்டிய பசையை எடுக்கிறேன் பேர்வழி என்று ஸ்பிரிட்டால் துடைக்கப் போய் நல்ல கண்ணாடி கெட்டுப்போகும். இதற்குத் தேய்ப்பதில் தீர்வு கிடையாது.

அடியில் இருந்து வரும் ஒற்றை விரிசலும் இதே கணக்குதான். அதன் மேல் அழுத்தித் தேய்த்தால் இன்னும் ஓடும்.

எண்ணெயில் மறையாத கீறல், நடுவில் ஒரு பொட்டு

உள்பக்கக் கீறல் என்றால் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். இதை வீட்டில் செய்ய நான் சொல்ல மாட்டேன். அக்ரிலிக் கண்ணாடியைச் சுற்றளவில் நகம் மாதிரிக் கவ்வி இறுக்கி, சுருக்கித் தூக்கும் கருவி ஒன்று இருக்கிறது. உள்ளே உலோக வளையம் வைத்த கண்ணாடிகள் அதற்கும் மசியாது. அதைவிட முக்கியமான விஷயம், இருட்டில் ஒளிர்வதற்காகப் பல பழைய வாட்சுகளின் டயலிலும் முள்ளிலும் ரேடியம் கலந்த பூச்சு போட்டிருப்பார்கள். ரேடியத்தின் அரைவாழ்வு சுமார் 1600 ஆண்டுகள். பூச்சு இன்று ஒளிராமல் இருப்பதற்குக் காரணம் அதிலிருந்த ஒளிரும் பொருள் தேய்ந்துபோனதுதான். கதிரியக்கம் அப்படியே இருக்கிறது. உதிர்ந்த அந்தப் பொடியை மூச்சில் இழுப்பது ஆபத்து. மூடியிருக்கும் வாட்சின் மேல்பக்கத்தைத் தேய்ப்பதில் இந்தப் பொடி வெளியே வராது. திறக்கும் வேலையை அறிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

ஹெசலைட் கண்ணாடியின் நட்டநடுவில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு புள்ளி இருந்தால், லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டுத் தேயுங்கள். குட்டியாக ஒமேகா முத்திரை தெரிந்தால் அது தொழிற்சாலையே போட்டது.

மஞ்சளாக இருக்கிறது

பாலிஷ் போட்டுப் பாருங்கள். மேல்தோலில் படிந்த கறை என்றால் வெளுக்கும். ஓரத்தில் பார்த்தால் தடிமன் முழுவதும் மஞ்சளாகத் தெரிகிறது என்றால் போகாது. சில டயல்களுக்கு அந்த வெளிர் மஞ்சள் அழகாகவே இருக்கும். நான் ஒன்றை அப்படியே வைத்திருக்கிறேன்.

ஓரத்தில் வெள்ளையாகத் தங்கிவிட்டது

டேப்பை மீறி இடுக்கில் புகுந்த பசை. ஒரு மரப் பல்குத்தியின் முனையை நனைத்து, கொஞ்சம் மென்மையானதும் இடுக்கோடு இழுத்து வாருங்கள். குண்டூசி வேண்டாம்.

தேய்க்கும்போது கண்ணாடி அசைந்தது, அல்லது உள்ளே ஆவி பிடித்தது

இரண்டுக்கும் ஒரே பதில்: உடனே நிறுத்துங்கள். பெரும்பாலான அக்ரிலிக் கண்ணாடிகள் தன் இறுக்கத்தாலேயே கேஸில் நிற்பவை. கட்டைவிரலால் நடுவில் பலமாக அமுக்கினால் கண்ணாடி குழிந்து, சுற்றளவு தளர்ந்து, முள்ளின் மேலேயே உட்கார்ந்துவிடக்கூடும். விரலோடு சேர்ந்து சுழன்றாலே பிடிப்பு போய்விட்டது என்று அர்த்தம். ஆவி என்றால் ஈரம் உள்ளே இருக்கிறது. வெயிலில் வைத்தால் கண்ணாடியில் தெரிவது மறையும். ஈரம் இயந்திரத்தில் துருவாக வேலை செய்துகொண்டிருக்கும். அன்றைக்கே திறந்து உலர்த்தக் கொடுத்துவிடுவது நல்லது.

ஒரு வாரத்தில் மறுபடியும் கோடு

விழத்தான் செய்யும், அது அக்ரிலிக். ஆனால் ஒரே வாரத்தில் நிறைய என்றால், சட்டை நுனியால் துடைக்கும் பழக்கத்தைப் பாருங்கள். உலர்ந்த துணியால் தேய்க்கத் தேய்க்கப் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறித் தூசியை இழுக்கும். அந்தத் தூசியைத் திரும்பவும் தேய்க்கிறோம். வாயால் ஊதி, துணியை லேசாக நனைத்து ஒற்றி எடுத்தால் போதும். பாலிஷை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்தால் தாராளம். வாட்டர் பேப்பரை, நகம் தட்டாத வரை, பெட்டியிலேயே வைத்திருங்கள்.